மூன்றாம் நம்பர் வீட்டுக்காரி

பதுளைக்கு ரயில் வந்தாலும் வந்தது, இந்த ஊரில் கோழிக்கூடு வைத்திருக்கிறவன்கூட அதற்கு ஒரு ஜன்னல் அடித்து, "சுகவாச வீடு வாடகைக்கு" என்று பலகை மாட்டத் தொடங்கிவிட்டான். போன வாரம் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர் என்னைத் தேடி வந்தார். கொழும்புப் பத்திரிகையில் போடுவதற்கு இங்கிலீஷில் நாலு வரி எழுதித் தரவேண்டுமாம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், ஆள் தொந்தரவு இல்லாத தனி வீடு. விசாரித்துப் பார்த்தால் சங்கதி வேறு. ரயில் வந்ததும் விலை ஏறும் என்று விற்பதற்காகக் கட்டிய வீடு. கேட்ட விலைக்கு ஒருவரும் வாங்கவில்லை. ஆகையால் திடீரென்று அந்த வீட்டுக் காற்று நல்ல காற்றாகிவிட்டது. எழுத மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கிழவனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும்.

அந்த நாலு வரியை நான் பதினாறு வருஷம் எழுதியிருக்கிறேன். ஆள் தொந்தரவு இல்லாத வீடு என்று நான் எழுதிய வீட்டில் ஓர் ஆள் இருந்தாள். ரெங்கம்மா என்று பெயர். அவள் கதையைக் கேட்டால் நான் ஏன் எழுத மறுக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டுவிட்டு நீங்களும் என்னைத் திட்டினால் அதுவும் நியாயம்தான்.

முதலில் என் முதலாளியைச் சொல்லவேண்டும். வைரவநாத பிள்ளை, பதுளை பஜாரில் அரிசி மண்டி. நல்ல பக்தர். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், அதில் தன் பெயரையும் வெட்டச் சொன்னவர். கோப்பிச் செடிக்கு நோய் வந்து துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய காலத்துக்குப் பிறகு, ஹல்துமுல்லையில் மூன்று சின்ன பங்களாக்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. ரயில் பாதை அந்த வழியாகத்தான் இறங்கும், அப்புறம் அந்த மூன்றும் பவுன் விலை போகும் என்று யாரோ பிள்ளைக்குச் சொன்னார்கள். சொன்னவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. விற்றவராகத்தான் இருக்கவேண்டும். ரயில் அப்புத்தளை வரை வந்தது, மலை உச்சியிலிருந்து ஹல்துமுல்லையை ஒரு பார்வை பார்த்தது, பண்டாரவளைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

விற்கப் பார்த்தார், வாங்க ஆளில்லை. குடிவைக்கப் பார்த்தார், குடிவர ஆளில்லை. தோட்டத்து ஜனங்களுக்கு வரிசை வீடாக லயம் இருக்கிறது, துரைக்குப் பங்களா இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வாடகை கொடுத்து வீட்டில் இருக்கக் கூடியவர்கள் ஹல்துமுல்லையில் தபால் மாஸ்டரையும் என்னையும் சேர்த்து நாலு பேர். நான் பிள்ளையின் கிளைக்கடையில் கிளாக்கர், கடைக்குப் பின்னாலேயே படுக்கை. பெயர் ஞானசீலன். பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன், அந்தக் கர்வம் அப்போது நிறைய இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து சிவஞானம் என்ற பிரக்கிராசியார் ஒரு வழக்கில் வாதாட வந்து, மூன்றாம் நம்பர் வீட்டில் இரண்டு இரவு தங்கினார். விறாந்தையில் நின்று கீழே தெரிந்த சமவெளியைப் பார்த்து, ஆகா, என்ன காற்று, சித்திரை வெயிலில் கொழும்பில் வேகிறோமே என்றார். பிள்ளை உடனே என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். விற்காத வீடு மூன்றும் அன்றைக்கே சுகவாச வீடுகள் ஆயின. எங்கள் ஊவா மாகாணத்தில் அப்போதெல்லாம் இப்படித்தான். எந்தப் பக்கம் வீடு விலை போகவில்லையோ அந்தப் பக்கம் சுகவாசம் மழைக்காளான் மாதிரி முளைக்கும்.

ஒரு சிக்கல் இருந்தது. கொழும்பு ஆட்கள் சித்திரை மாசம் வருவார்கள், போவார்கள். மிச்ச மாசமெல்லாம் பூட்டிக் கிடந்தால் மலைநாட்டில் வீடு என்ன ஆகும்? சுவரில் பூஞ்சணம், கூரையில் எலி, பலகையில் ஈரம். தினமும் அடுப்பு எரிந்தால்தான் வீடு வீடாக நிற்கும். அதற்கு ஓர் ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் அங்கே இருப்பது தெரியக் கூடாது.

ரெங்கம்மா அப்படித்தான் வந்து மாட்டினாள். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் துரை பங்களாவில் பிள்ளை தூக்கப் போய், பிறகு ஆயாவாகி, துரைசாணியிடம் புடிங் செய்யவும் ரொட்டி சுடவும் படித்துக்கொண்டாள். அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து எங்கள் கடைக்கு அரிசி ஏற்றிவந்த வண்டிக்காரன் இராசையாவைக் கட்டிக்கொண்டாள். ஒரு மழை நாளில் வளைவில் வண்டி புரண்டு இராசையா மாடுகளோடு போய்ச் சேர்ந்தான். இவள் கையில் நாலு வயது விசாலாட்சி. தோட்டத்தில் பேர் பதிந்தவர்களுக்குத்தான் லயத்தில் குடியிருக்கக் காம்பரா. வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு எந்தத் தோட்டத்தில் பேர் இருக்கும்? அழுதுகொண்டு கடைக்கு வந்தாள். பிள்ளை மனம் இரங்கினார். மனம் இரங்குவதும் லாபம் வருவதும் அவருக்கு எப்போதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும்.

ஏற்பாடு இதுதான். மூன்றாம் நம்பர் வீட்டில் ரெங்கம்மா இருக்கலாம். அடுப்பு எரிக்கவேண்டும், கூரை பார்க்கவேண்டும், தோட்டம் கொத்தவேண்டும். மற்ற இரண்டு வீட்டையும் கூட்டிப் பெருக்கவேண்டும். சீசன் வந்தால் பின்பக்கம் சமையல் குசினியை ஒட்டியிருந்த விறகுக் காம்பராவுக்குப் போய்விடவேண்டும், வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடவேண்டும். வீடு வாங்குவதற்கு யாராவது பார்க்க வந்தாலும் அப்படியே. இவ்வளவுக்கும் சேர்த்து அவளுக்குச் சம்பளம் கிடையாது, ஏனென்றால் அவள்தான் வீட்டில் சும்மா இருக்கிறாளே.

பங்குனி முடிய நாலு நாள் இருக்கும்போது அவள் வீட்டைக் காலி பண்ணுவதைப் பார்க்கவேண்டும். சாமி படம், அம்மிக்கல், பாய், விசாலாட்சியின் பாவாடை, சுவரில் அடித்த ஆணி வரைக்கும் போகும். ஆள் இருந்த வாடை தெரியக் கூடாது என்று சாணிக்குப் பதில் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்ப்பாள். அதே வாரத்தில்தான் நான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். கடைக்கு விளக்கெண்ணெய் வாங்க வருவாள். மேசையை எட்டிப் பார்த்து, ஒவ்வொரு வருஷமும் தவறாமல் ஒரே கேள்வி.

"என்னங்க கிளாக்கரய்யா, நான் இல்லைன்னு எழுதிட்டீங்களா?"

நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். அவள் வாய்த்துடுக்கு ஹல்துமுல்லை முழுக்கத் தெரிந்ததுதான், அதனால் அதை வேடிக்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. பிறகு ரப்பர் வந்தது. மொனராகலைப் பக்கம் கீழே காடு வெட்டி ரப்பர் போட்டார்கள். சீமையில் ரப்பருக்கு விலை கிடுகிடுவென்று ஏற, புதுத் துரைமார், கணக்கர்கள், தரகர்கள் என்று ஒரு படையே வந்து இறங்கியது. கீழே காய்ச்சல், மேலே குளிர்ச்சி. பெண்டாட்டி பிள்ளைகளை மேலே வைத்துவிட்டுக் கீழே போய் வர வீடு தேடினார்கள். பத்து வருஷம் வாங்க நாதியில்லாமல் கிடந்த முதலாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் மூன்று மாசத்துக்குள் விற்றுப்போயின. அந்த ஊர்க் காற்றின் மகிமையைப் பற்றிப் பிள்ளை அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. வீடு விற்கிறபோது காற்றை யார் கவனிக்கிறார்கள்?

ஆனால் கொழும்பு ஆட்களுக்குப் பழக்கம் விடவில்லை. மூன்று வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் இப்போது மிஞ்சிய ஒரே வீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். ஒரு மாசம் இருந்த சீசன் சித்திரை, வைகாசி, ஆவணி, புரட்டாசி, மார்கழி என்று நீண்டது. வாடகையும் நீண்டது. ரெங்கம்மா வருஷத்தில் ஐந்து மாசம் விறகோடு விறகாகப் படுத்தாள். மிச்ச ஏழு மாசத்திலும், வாங்க வருகிறேன் என்று எவனாவது காயிதம் போட்டால் மூட்டை தூக்கவேண்டும். ஊரில் வீடு மலிந்தால் கொழும்புக்காரனுக்காக வெளியே போவாள், வீடு கிராக்கியானால் ரப்பர்காரனுக்காக வெளியே போவாள். இரண்டிலும் அவள் போவது மட்டும் மாறவில்லை.

விசாலாட்சிக்குப் பதினெட்டு வயது ஆனது. நமுனுகுலத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை வேலை பார்த்த வீரசிங்கத்துக்குப் பெண் கேட்டு வந்தார்கள். வந்தது தை மாசம். சீசன் இல்லை, வாங்க வருகிறவனும் இல்லை, ரெங்கம்மா பெரிய வீட்டிலே இருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் வள்ளியம்மை கண்டாங்கிச் சேலையும் வெற்றிலைப் பெட்டியுமாக விறாந்தையில் வந்து உட்கார்ந்தாள். ஓட்டுக் கூரையைப் பார்த்தாள், கண்ணாடி ஜன்னலைப் பார்த்தாள், பலகைத் தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்ததைவிட வீட்டைப் பார்த்த நேரம் அதிகம். ஊரில் ஒரு பெரிய மனிதன் வேண்டுமே என்று என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். வள்ளியம்மை என்னிடம்தான் கேட்டாள், வீடு சொந்தமா என்று.

ரெங்கம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"பதினாலு வருசமா இங்கதாங்க இருக்காங்க" என்றேன்.

பொய்யில்லையே. பொய் சொல்லாமல் ஏமாற்றுவதில் எனக்கு எவ்வளவு அப்பியாசம். வெற்றிலை மாற்றினார்கள், கலியாணம் நடந்தது. எனக்கு நல்ல சாப்பாடு.

அடுத்த தையில் விசாலாட்சிக்கு வளைகாப்பு வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஏழாம் மாசம் வளையல் போட்டு அழைத்துக்கொண்டு வருவார்கள், பிள்ளை பிறந்ததும் சம்பந்தி வீட்டார் பார்க்க வருவார்கள். நாள் பார்த்தால் சித்திரையில் விழுந்தது. வேறு எந்த மாசத்தில் விழும்?

ரெங்கம்மா பதுளைக்கே போய் வைரவநாத பிள்ளையைப் பார்த்தாள். இந்த ஒரு சித்திரைக்கு மட்டும் வீட்டை விடுங்கள், பதினைந்து வருஷத்தில் நான் கேட்கிற ஒரே காரியம் இது என்று கேட்டாளாம். பிள்ளை அவளை உட்காரச் சொல்லிக் கோப்பி கொடுத்தார். வளைகாப்புக்கென்று ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்தார், சாயம் போன ரகமானாலும் சேலை சேலைதான். பிறகு நிலைமையை விளக்கினார். மூன்று வீடு இருந்த காலமானால் பரவாயில்லை, இப்போது இருப்பதே ஒன்று. சிவஞானம் ஐயாவுக்கு ஒரு வருஷம் இல்லை என்று சொன்னால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். போதாததற்குச் சித்திரைக் கடைசியில் ரப்பர் கம்பெனி ஆள் வீடு பார்க்க வருகிறார். கொழும்புப் பிரக்கிராசியார் குடும்பம் தங்கியிருக்கிற வீடு என்றால் விலை ஒன்று, பிள்ளைத்தாய்ச்சி படுத்திருக்கிற வீடு என்றால் விலை வேறு. ரெங்கம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பிரசவத்தை ஆனிக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று மட்டும் பிள்ளை கேட்கவில்லை. அந்த அளவுக்கு உலக ஞானம் உள்ளவர்.

பங்குனி முடிய நாலு நாள். நிறைமாசப் பெண்ணும் தாயும் விறகைப் பாதி வெளியே எடுத்து மழையில் அடுக்கிவிட்டு, இருந்த இடத்தில் பாய் போட்டார்கள். தகரக் கூரை, மூன்று பக்கம் விறகு, கட்டெறும்பு. அந்த வருஷம் எண்ணெய் வாங்க வந்தபோது ரெங்கம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிள்ளை பிறந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வள்ளியம்மை வருவாளே, வந்தால் எங்கே உட்காரவைப்பது என்றுதான் கேட்டாள். வீட்டைப் பார்த்துப் பெண் எடுத்தவள், விறகுக் காம்பராவைப் பார்த்தால் என் பிள்ளை கதி என்ன ஆகும் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவஞானம் ஐயாவின் சம்சாரம் ஜெயலெட்சுமி அம்மாள் நல்லவர், ஒரு மணி நேரத்துக்கு முன்விறாந்தையைக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று நான் தைரியம் சொன்னேன்.

சித்திரை பிறந்த மறுநாள் காலை தந்தி வந்தது. சிவஞானம் குடும்பம் வரவில்லை. பண்டாரவளையில் யாரோ ஒருவன் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே எட்டு வீடு கட்டி, எட்டும் விற்காமல், பாதி வாடகைக்கு விடுகிறானாம். அங்கேயும் காற்று நல்ல காற்றாகிவிட்டது.

ஆக மூன்றாம் நம்பர் வீடு காலி. மூன்று அறை, வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், ஈரமில்லாத பலகைத் தரை, எல்லாம் தயார். சாவி என் மேசை டிராயரில். அதே நாள் பத்து மணிக்கு மேல் விசாலாட்சிக்கு இடுப்பு வலி கண்டது. மழை கொட்டுகிறது, தகரம் ஒழுகுகிறது. ரெங்கம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடிவந்தாள்.

"கிளாக்கரய்யா, வீடு சும்மாத்தானே கெடக்கு. சாவியக் குடுங்க. புள்ள பொறந்து தல நிமிந்ததும் கழுவித் தொடச்சுக் குடுத்துடுறேன்."

எடுத்து நீட்டவேண்டியதுதானே? கையை நீட்டினால் டிராயர். என்னால் முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்கு ஒதுங்கிய பாதிரியாரை விறாந்தையில் உட்காரவைத்ததற்குப் பிள்ளை என்னை நாலு பேர் முன்னால் கிழித்திருந்தார். ரப்பர் ஆள் வருகிற வருஷம் வேறு. முதலாளியைக் கேட்டுவிடுகிறேன், தந்தி அடித்தால் ஒரு நாழிகையில் பதில் வந்துவிடும் என்றேன். அவள் சாக்கைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

தபால் கந்தோர் போனேன். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. கடைச் செலவில் ஒரு வார்த்தை கூடினாலும் பிள்ளை கேட்பார். பதினாறு வருஷப் பழக்கம், சுருக்கி எழுதினேன். "வருபவர்கள் வரவில்லை. வீட்டைத் திறக்கலாமா?" பிரசவம் என்ற வார்த்தையைப் போடவே இல்லை. போட்டிருந்தால் இரண்டு சதமோ மூன்று சதமோ.

மத்தியானம் பதில் வந்தது. "யாருக்கு? எத்தனை நாள்? என்ன வாடகை?" மனிதர் புது ஆள் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். மறுபடியும் ஓடி மறுபடியும் எழுதினேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதினேன். அதற்குள் பதுளையில் பிள்ளை சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தார். தூங்குகிறவரைத் தந்திக்காக எழுப்பக் கூடாது என்று அந்த வீட்டில் சட்டம். நான் கடை வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மருத்துவச்சி ரஹ்மத்தும்மா வந்தாள். அந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள். முட்டுவரை சேறு, சேலையெல்லாம் ஈரம். பாய் நனைந்து போய்விட்டது, பெண்ணைத் திருப்பிப் படுக்கவைக்க இடமில்லை, சாவியைக் கொடு என்றாள். பதில் வரட்டும், இதோ வந்துவிடும் என்றேன்.

"புள்ள தந்திக்குக் காத்திருக்காது, கிளாக்கரே" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அங்கே கிடந்த சாக்கு நாலை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்து மணிக்குத் தந்திக்காரன் வந்தான். பிள்ளை எழுதியிருந்தார்: "பிரசவத்துக்கா? உடனே திற."

அந்த மனிதரை நான் இவ்வளவு நேரம் கேலி பண்ணிக்கொண்டு வந்தேனே. கடைசியில் கேட்டால் கொடுக்கக் கூடியவராகத்தான் இருந்திருக்கிறார். ஒழுங்காகக் கேட்பதற்குத்தான் ஆளில்லை. காலையிலேயே அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதியிருந்தால், அதுவும் வேண்டாம், டிராயரை இழுத்திருந்தால் போதும். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். விறகுக் காம்பராவுக்குப் பத்துப் பதினைந்து அடியில் மூன்றாம் நம்பர் வீடு பூட்டியபடி, துடைத்த ஜன்னலோடு நின்றது. காம்பரா வாசலில் ரெங்கம்மா வெந்நீர்ப் பானையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே குழந்தை அழுதது. ஆண் பிள்ளை, பிறந்து ஒரு மணி நேரம் ஆகிறது என்றாள். நான் தந்தியை நீட்டினேன், முதலாளி சரி என்று சொல்லிவிட்டார், உள்ளே வாருங்கள், நானே திறந்துவிடுகிறேன் என்றேன். அவள் காகிதத்தை வாங்கவில்லை.

"வேணாங்க, பூட்டியே இருக்கட்டும். புள்ள அழுத சத்தம் உள்ள ஒட்டிக்கிச்சுன்னா, வாங்க வர்ற தொரைக்குப் புடிக்காது."

மறுநாளும் போய்ச் சொன்னேன், அதற்கு மறுநாளும். சம்பந்தி வருவதற்கு முன்னாவது போய்விடுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன், அவர்களுக்கு எதுவும் தெரியப் போவதில்லை என்றேன். அவள் பாட்டுக்கு விறகை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் வள்ளியம்மையும் வீரசிங்கமும் வந்தார்கள். பண்டாரவளையில் ரயில் ஏறி, அப்புத்தளையில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்தார்கள். வண்டி கடையைத் தாண்டியதைப் பார்த்ததும் சாவியோடு பின்னாலேயே ஓடினேன். வள்ளியம்மை நேராக மூன்றாம் நம்பர் விறாந்தைப் படியில் ஏறி நின்று, சம்பந்தி, சம்பந்தி என்று கூப்பிட்டாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, இதோ திறக்கிறேன் அம்மா என்று பூட்டில் சாவியை வைத்தேன். அப்போது வீட்டுக்குப் பின்பக்கத்திலிருந்து ரெங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அங்கன இல்ல சம்பந்தி. இந்தப் பக்கம் வாங்க."

முன்னால் நடந்தாள். வள்ளியம்மைக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தும் பின்னால் போனாள். குசினியைத் தாண்டி விறகுக் காம்பரா வாசலில் நிறுத்தி, ரெங்கம்மா அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அந்த வீடு எனக்குச் சொந்தமில்ல. பொண்ணு பாக்க வந்தப்ப சொல்லாம மறச்சுட்டேன். புள்ள இங்கதான் பொறந்துச்சு. கோவப்படுறதுன்னா எம்மேல படுங்க, விசாலு மேல வேணாம்."

வீரசிங்கம் தரையைப் பார்த்தான். வள்ளியம்மை திரும்பி அந்தப் பெரிய வீட்டைப் பார்த்தாள், தகரக் கூரையைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பதினாலு வருசமா இங்கதாங்க என்று நான் சொன்னது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும். இனி விசாலாட்சியை அழைத்துப்போகாமல் வண்டியைத் திருப்பச் சொல்வாள் என்றே நினைத்தேன். ரெங்கம்மாவின் விரல்கள் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தன.

வள்ளியம்மை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"கணக்கப்பிள்ள வீடு, கணக்கப்பிள்ள வீடுன்னு நானுந்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நாளைக்குத் தொரைக்கு இவன் மேல கோவம் வந்துச்சுன்னா, பொழுது சாயறதுக்குள்ள சட்டி பானையத் தூக்கி ரோட்டுல வெச்சுருவானுங்க. இந்த மலையில நமக்கு ஏது வீடு, சம்பந்தி? தள்ளுங்க, பேரனப் பாக்கணும்."

தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே வீரசிங்கம் போனான், ரெங்கம்மா போனாள். ரஹ்மத்தும்மா குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதும், யாரோ விறகை நகர்த்தி உட்கார இடம் பண்ணுவதும் கேட்டது. ரெங்கம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வெளியிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

நான் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் தந்தியுமாக முற்றத்தில் நின்றேன். உள்ளே இடம் இல்லைதான். இருந்தாலும் ஒருவரும் என்னை வா என்று கூப்பிடவில்லை.